மறந்த பாடமும் மறவாத ஆசையும்

சங்கக் கூட்டம் முடிந்து சிற்றுண்டி வழங்கும் நேரத்தில் சற்றுக் காதைக் கொடுத்தால் ஒரு பேச்சு அடிக்கடி கேட்கும். "நானும் எம்.ஏ. படிக்கணும்னுதான் இருந்தேன், அதுக்குள்ள கல்யாணமாகி டில்லிக்கு வந்தாச்சு" என்பார் ஒருவர். ஆண்கள் பக்கத்திலும் இதே பேச்சு உண்டு. "பி.காம். முடிச்ச கையோட ஸ்டெனோ வேலை கிடைச்சுது, அதோட சரி." சொல்லிவிட்டுச் சிரிப்பார்கள். பிறகு பேச்சு பிள்ளைகளின் கோச்சிங் வகுப்புக்கோ, ஊருக்கு ரயில் டிக்கெட் கிடைக்காத கதைக்கோ போய்விடும்.

அந்த ஆசை பொய்யில்லை. பணமும் பலருக்குத் தடையில்லை. திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் ஓர் எம்.ஏ. படிப்புக்கு ஆகும் செலவு, பிள்ளையின் ஒரு வருடக் கோச்சிங் செலவில் சிறு பங்குதான். பிறகு எது தடுக்கிறது? "இனிமேல் என்னால் முடியுமா?" என்ற ஐயம். அந்த ஐயத்தைப் பிரித்துப் பார்ப்பதே இந்தப் பாடத்தின் நோக்கம். எங்கே சேருவது, எப்படிச் சேருவது என்பதையும் போகிற போக்கில் பார்க்கலாம்.

சாட்சி இல்லாத ஊர்

படிப்பைப் பாதியில் விட்டவர்கள் எங்கும் உண்டு. ஆனால் பிழைப்புக்காக வெளிமாநிலம் வந்த நம் குடும்பங்களில் இந்த ஐயம் சற்றுக் கூடுதலாகவே இருக்கிறது. அதற்கு ஒரு தனிக் காரணம் உண்டு என்பது என் கருத்து.

திருநெல்வேலிப் பக்கம் ஒரு மகளிர் கல்லூரியில் கணிதத்தில் பி.எஸ்ஸி. முதல் வகுப்பில் தேறிய ஒரு பெண்ணை எடுத்துக்கொள்வோம். 22 வயதில் திருமணமாகித் தில்லி வந்தவர். இப்போது 43 வயது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஊரிலேயே இருந்திருந்தால், கோவில் வாசலில் பழைய கணக்கு டீச்சரைப் பார்க்கும்போதெல்லாம் "நூத்துக்கு நூறு வாங்கின பொண்ணு இல்லையா நீ?" என்ற குரல் கேட்டுக்கொண்டே இருக்கும். அவர் யார் என்பதற்கு ஊரே சாட்சி. இங்கே அந்தச் சாட்சி கிடையாது. அக்கம்பக்கத்தாருக்கு அவர் 'ஆன்ட்டி'. பிள்ளையின் பள்ளிப் பதிவேட்டில் 'இல்லத்தரசி'. வந்த புதிதில் நாலைந்து வருடம் காய்கறிக்காரரிடம் உடைந்த இந்தியில் பேசி, சிரிப்புக்கு ஆளாகி, பாதி வாக்கியத்தை விரலால் காட்டி முடித்தவர். ஒரு மொழியில் தினமும் தடுமாறுகிறவருக்கு, காலப்போக்கில் தன் மூளையே தடுமாறுகிறது என்ற எண்ணம் வந்துவிடுகிறது. இந்தி வராததற்கும் இயற்கணிதம் வராததற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. ஆனால் மனம் அந்தக் கணக்கைச் சரியாகப் போடுவதில்லை.

அலுவலக ஆண்களின் நிலையும் இதற்குத் தூரமில்லை. இருபது வருடமாக அதிகாரிகளின் ஆங்கிலத்தைத் திருத்தித் தட்டச்சு செய்து கொடுத்தவர், "என் இங்கிலீஷ் சுமார்தான் சார்" என்கிறார். திருத்தியவர் பெயர் கோப்பில் இல்லை அல்லவா!

"எல்லாம் மறந்துபோச்சு"

முதலில் வரும் பயம் மறதி. பழைய புத்தகத்தைத் திறந்தால் ஒரு வரிகூடப் புரியாது என்ற எண்ணம். மறதியைப் பற்றி அளந்து பார்த்துச் சொன்னவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் சொல்வதை முதலில் கேட்போம்.

ஜெர்மனியில் ஹெர்மன் எபிங்காஸ் என்ற அறிஞர், பொருளற்ற அசைகளை வரிசை வரிசையாகத் தானே மனப்பாடம் செய்து, தானே மறந்து, தானே மீண்டும் படித்து, அந்தக் கணக்கை 1885இல் நூலாக வெளியிட்டார். மறதி முதல் நாளிலேயே மிக வேகமாக நடந்துவிடுகிறது, பிறகு மெதுவாகிறது என்பது அவர் கண்டது. நமக்கு முக்கியமானது அவர் அளந்த முறை. 'எவ்வளவு நினைவிருக்கிறது?' என்று அவர் கேட்கவில்லை. 'மீண்டும் படிக்கும்போது எவ்வளவு நேரம் மிச்சமாகிறது?' என்று கேட்டார். முற்றிலும் மறந்துவிட்டதாகத் தோன்றிய பட்டியலைக்கூட இரண்டாம் முறை குறைந்த நேரத்தில் படிக்க முடிந்தது. 31 நாள் கழித்தும் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு உழைப்பு மிச்சமானது. பொருளே இல்லாத அசைகளுக்கே இந்தக் கதை.

பொருளோடு படித்த பாடத்துக்கு? அமெரிக்க உளவியலாளர் ஹாரி பாரிக் 1984இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு நல்ல விடை தருகிறது. பள்ளியிலும் கல்லூரியிலும் ஸ்பானிய மொழி படித்த 733 பேரை அவர் சோதித்தார். சிலர் அண்மையில் படித்தவர்கள்; சிலர் படித்து 50 வருடம் ஆனவர்கள். முதல் மூன்று முதல் ஆறு வருடங்களில் மறதி நன்றாகவே வேலை செய்தது. அதன் பிறகு எஞ்சியது சுமார் 30 வருடம் வரை பெரிதாகக் குறையாமல் நின்றது. தொடக்கத்தில் ஆழமாகப் படித்தவர்களுக்கு எஞ்சியதும் அதிகம். ஆக, பட்டம் வாங்கிப் பத்து வருடம் ஆனவருக்கும் இருபது வருடம் ஆனவருக்கும் நிலைமை ஏறத்தாழ ஒன்றுதான். "பத்து வருஷத்துக்கு முன்னாடியே சேர்ந்திருந்தா பரவாயில்ல, இப்ப ரொம்ப லேட்" என்று சொல்பவர்கள் இதைக் கவனிக்கவேண்டும். போகவேண்டியது எப்போதோ போய்விட்டது, இருப்பது இருக்கிறது.

இதை நம்பச் சொல்லவில்லை. வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். உங்கள் பழைய பாடப்புத்தகமோ, அது இல்லையென்றால் பிள்ளையின் பிளஸ் டூ புத்தகமோ எடுத்து, உங்கள் பாடத்தில் ஓர் அத்தியாயத்தை அரைமணி நேரம் படியுங்கள். புத்தகத்தை மூடிவிட்டு, வெள்ளைத் தாளில் நினைவுக்கு வந்ததை எழுதுங்கள். கால் பக்கம்தான் வரும். அந்தத் தாளைத் தேதி போட்டு வைத்துவிட்டு, மறுநாளும் நான்காம் நாளும் அதே அத்தியாயத்தை அதே போலச் செய்யுங்கள். மூன்று தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 'முடியுமா' என்ற கேள்விக்கு உறவினர்கள் சொல்லும் விடையைவிட இந்த மூன்று தாள்கள் நேர்மையாக விடை சொல்லும்.

புத்தகத்தை மூடி எழுதச் சொன்னதற்குக் காரணம் உண்டு. ரோடிகர், கார்ப்பிக் என்ற இரு ஆய்வாளர்கள் 2006இல் மாணவர்களை இரு வகையாகப் பிரித்துச் சோதித்தனர். ஒரே பகுதியைத் திரும்பப் படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து வைத்த தேர்வில் முந்தினர். ஆனால் ஒரு வாரம் கழித்து வைத்த தேர்வில், ஒருமுறை படித்து நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களே முந்தினர். நம் தலைமுறை 'படி, படி, இன்னொரு தடவை படி' என்று வளர்ந்த தலைமுறை. மீண்டும் படிக்க வருகிறவர் பழைய முறையிலேயே படித்துவிட்டு, ஒரு வாரத்தில் மறந்ததும், மூளை மழுங்கிவிட்டது என்று முடிவு கட்டுகிறார். மழுங்கியது முறைதான்.

"வயசாச்சே!"

வயதைப் பற்றி இனிப்பாகப் பேசி ஏமாற்ற விரும்பவில்லை. வயதால் குறைவது ஒன்று உண்டு, அது வேகம். அமெரிக்காவின் சியாட்டில் நகரில் வார்னர் ஷாயி 1956இல் தொடங்கி, ஏழு வருடத்துக்கு ஒருமுறை அதே மனிதர்களை மீண்டும் மீண்டும் சோதித்து வந்தார். கண்ணால் பார்த்து விரைவாக ஒப்பிடும் வேகம் இளமையிலிருந்தே இறங்குகிறது. சொல்வளமும் காரண காரியம் ஆராயும் திறனும் நடுவயதில் உச்சத்தில் நிற்கின்றன; அறுபதை நெருங்கும் வரை பலருக்குப் பெரிதாக இறங்குவதில்லை.

இதிலிருந்து கொள்ளவேண்டியது எளிது. தேர்வுக்கு முதல் நாள் இரவு முழுவதும் விழித்து ஒரே மூச்சில் விழுங்கும் வித்தை இருபது வயதுக்கு உரியது, அதை விட்டுவிடலாம். பொருளாதாரம் படிக்க வரும் குடும்பத்தலைவி, விலைவாசி உயர்வு என்றால் என்ன என்று புத்தகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. மத்திய அரசு அலுவலகத்தில் முப்பது வருடம் இருந்தவர் பொது நிர்வாகப் பாடத்தைப் படிக்கும்போது, 'இதைத்தானே தினமும் கோப்பில் பார்க்கிறோம்' என்று தலையை ஆட்டுவார். இளம் மாணவர் மனப்பாடம் செய்கிற இடத்தில் இவருக்கு உதாரணம் கைவசம் இருக்கிறது.

தமிழ் வழிப் பட்டதாரியின் தயக்கம்

மூன்றாவது பயம் ஆங்கிலம். இது வெறும் மனப்பிரமை இல்லை, உண்மையான தடை. தமிழ் வழியில் பட்டம் பெற்றவர் வெளிமாநிலத்தில் முதுகலை படிக்க நினைத்தால், பெரும்பாலும் ஆங்கிலத்திலோ இந்தியிலோதான் எழுதவேண்டியிருக்கும். தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகத்தில் அஞ்சல் வழியில் தமிழிலேயே படிக்கலாமே என்று கேட்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ளவேண்டும். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2020ஆம் ஆண்டு விதிமுறைப்படி, மாநிலப் பல்கலைக்கழகங்கள் தொலைநிலைக் கல்வியைத் தத்தம் எல்லைக்குள்தான் நடத்தலாம். நம் ஊரில் மையம் வைத்திருக்கிறோம் என்று யாராவது துண்டுப் பிரசுரம் கொடுத்தால், அதை நம்பிப் பணம் கட்டாதீர்கள். முழுவதும் இணையவழியில் நடத்த அனுமதி பெற்ற படிப்புகளுக்கு இந்த எல்லை கிடையாது. எதுவானாலும், மானியக் குழுவின் தொலைநிலைக் கல்விப் பிரிவு வெளியிடும் பட்டியலில், நீங்கள் சேரும் பருவத்துக்கு, அந்தப் பாடத்துக்கு அனுமதி இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளவேண்டும்.

ஆங்கிலத்தில் எழுதித்தான் ஆகவேண்டும் என்றால் என்ன செய்வது? பேச்சு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கும் வகுப்புக்கு ஓடவேண்டாம். முதுகலைத் தேர்வில் யாரும் உங்களோடு பேசப்போவதில்லை. தேவைப்படுவது ஒரு பாடத்துக்குரிய இருநூறு முந்நூறு கலைச்சொற்களும், சிறு சிறு வாக்கியங்களில் ஒரு கருத்தைச் சொல்லும் பழக்கமும். பாடநூலில் ஒரு பக்கம் படித்து, அதன் சாரத்தை முதலில் தமிழில் ஐந்து வரி எழுதுங்கள். பிறகு அந்த ஐந்து வரியை ஆங்கிலத்தில் எழுதுங்கள். புரிந்துகொள்வது தாய்மொழியில் நடக்கட்டும். இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

இன்னொரு சிறு சங்கதியை யாரும் சொல்வதில்லை. இருபது வருடமாகக் கையெழுத்துப் போடுவதைத் தவிர நாம் பேனாவைத் தொடுவதில்லை. மூன்று மணி நேரத் தேர்வில் ஒரு மணி நேரத்திலேயே விரல் வலிக்கும்; எழுத்து கோணும்; விடை தெரிந்தும் நேரம் போதாது. தினமும் இரண்டு பக்கம் கையால் எழுதிப் பழகுங்கள். இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் பயிற்சிக் கட்டுரைகளைக் கையால் எழுதிக் கொடுப்பதே வழக்கம் என்பதால், அந்தப் பழக்கம் தானாகவும் வரும்.

துணிவு முதலிலா, படிப்பு முதலிலா?

இப்போது பாடத்தின் நடுப்பகுதிக்கு வருவோம். ஐயம் உள்ளவர் எல்லோரும் சொல்லும் ஒரு சொல் உண்டு. "மனசுல ஒரு தெம்பு வரட்டும், சேர்ந்துடறேன்."

பாம்பென்றால் படையும் நடுங்கும் என்பார்கள். அப்படி நடுங்குகிறவர்களையே கூட்டிவைத்து ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஆல்பர்ட் பண்டூரா 1970களில் சோதனை செய்தார். ஒரு பிரிவினர், வேறொருவர் பாம்பைக் கையாள்வதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இன்னொரு பிரிவினர், துணைக்கு ஆள் இருக்க, படிப்படியாகத் தாங்களே தொட்டார்கள், பிடித்தார்கள். தாங்களே தொட்டவர்களுக்குத்தான் 'என்னால் முடியும்' என்ற நம்பிக்கை அதிகமாக வந்தது. 1977இல் அவர் இதை விரிவாக எழுதினார். தன் திறமை மேல் ஒருவருக்கு வரும் நம்பிக்கைக்கு ஊற்றுகள் நான்கு: தானே செய்து முடித்த அனுபவம், தன்னைப் போன்றவர் செய்வதைக் காண்பது, பிறர் சொல்லும் ஊக்கச் சொல், உடம்பின் படபடப்பைத் தான் எப்படிப் பொருள்கொள்கிறோம் என்பது. இவற்றில் மிக வலியது முதலாவது.

அப்படியானால் தெம்பு வரட்டும் என்று காத்திருப்பது, நீச்சல் தெரிந்த பிறகு தண்ணீரில் இறங்குகிறேன் என்பது போலத்தான். கணவர், பிள்ளைகள், தோழிகள் எவ்வளவு ஊக்கம் கொடுத்தாலும் அது மூன்றாம் ஊற்று. ஒரு வாரத்தில் வற்றிவிடும். "இந்த வயசுல கலெக்டர் ஆகப் போறியா?" என்று யாராவது ஒருமுறை கேலி செய்தால் போதும். தானே எழுதி, ஆசிரியர் திருத்தி, மதிப்பெண் போட்டுத் திரும்பி வந்த ஒரு கட்டுரையை அந்தக் கேலி ஒன்றும் செய்ய முடியாது. ஆகவே எம்.ஏ. என்ற மலையைப் பார்த்து நிற்காமல், பாம்பின் வாலைத் தொடுவது போன்ற ஒரு சிறு செயலை முதலில் செய்யவேண்டும். ஆறு மாதச் சான்றிதழ்ப் படிப்பு ஒன்றில் சேரலாம். 2017இல் மத்திய அரசு தொடங்கிய 'ஸ்வயம்' இணையதளத்தில் ஒரு பாடத்தை இலவசமாகக் கேட்கலாம். எதுவானாலும் அதை முடிக்கவேண்டும். முடித்தது சிறிதாக இருந்தாலும் சரி. பாதியில் நின்றது பெரிதாக இருந்து பயனில்லை.

இரண்டாம் ஊற்றுக்கும் நம்மிடம் நல்ல உதாரணம் உண்டு. தில்லியில் இருப்பவர்கள் மெட்ரோவில் போகும்போது 'துர்காபாய் தேஷ்முக் சவுத் கேம்பஸ்' என்ற நிலையத்தின் பெயரைக் கேட்டிருப்பீர்கள். 1909இல் ராஜமுந்திரியில் பிறந்தவர் துர்காபாய். எட்டு வயதில் மணம் செய்துவைக்கப்பட்டவர். ஆங்கில வழிக் கல்வியை எதிர்த்துச் சிறுவயதிலேயே பள்ளியை விட்டவர். உப்புச் சத்தியாக்கிரகத்தில் சென்னையில் கைதாகி, 1930க்கும் 1933க்கும் இடையே மூன்று முறை சிறை சென்றார். வெளியே வந்தபோது இருபதுகளின் நடுவில் இருந்தார். கையில் மெட்ரிகுலேஷன்கூட இல்லை. அதன் பிறகுதான் காசி இந்துப் பல்கலைக்கழகத்தின் மெட்ரிகுலேஷன் தேர்வை எழுதினார். ஆந்திரப் பல்கலைக்கழகத்தில் அரசியல் அறிவியல் படித்தார். சென்னையில் சட்டம் படித்து 1942இல் முடித்தார். அரசியல் நிர்ணய சபையில் உறுப்பினராக இருந்து அரசியல் சட்டத்தை விவாதித்தார். தான் தேர்வுக்குப் படித்த நாட்களில், தன்னைப் போல் பள்ளியை விட்ட பெண்களுக்கும் மயிலாப்பூரில் வகுப்பு எடுத்தார். அதிலிருந்து வளர்ந்ததுதான் ஆந்திர மகிளா சபா. மத்திய சமூகநல வாரியத்தின் முதல் தலைவராக இருந்தபோது, பள்ளிப் படிப்பை விட்ட வயதுவந்த பெண்கள் குறுகிய காலத்தில் தேர்வு எழுத 1958இல் ஒரு திட்டமும் வந்தது. படிப்பு விட்டுப்போனவரின் மனம் எப்படி இருக்கும் என்பது அந்தத் திட்டத்தைத் தீட்டியவருக்குத் தெரிந்திருந்தது.

கடமையும் ஐயமும்

"பையன் பிளஸ் டூ முடிக்கட்டும்", "மாமியாருக்கு உடம்பு சரியில்லை", "இவருக்கு டிரான்ஸ்ஃபர் வரும் போலிருக்கு." இவை பொய்க் காரணங்கள் இல்லை. ஆனால் சில சமயம் ஐயம் கடமையின் சேலையைக் கட்டிக்கொண்டு வரும். இரண்டையும் பிரித்தறிய எனக்குத் தெரிந்த வழி ஒன்றே. கடமைக்குத் தேதி உண்டு. பையனின் தேர்வு மார்ச்சில் முடியும். ஜூலைப் பருவத்தில் சேரலாம் என்று சொல்ல முடிந்தால் அது கடமை. பிளஸ் டூ முடிந்ததும் பி.இ. சேரட்டும், அது முடிந்ததும் வேலை கிடைக்கட்டும் என்று தேதி நகர்ந்துகொண்டே போனால் அது வேறு.

நேரக் கணக்கையும் ஒளிவின்றிப் போட்டுப் பார்த்துவிடலாம். திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் ஒரு 'கிரெடிட்' என்பது 30 மணி நேரப் படிப்பு. 80 கிரெடிட் கொண்ட எம்.ஏ. என்றால் 2400 மணி. இரண்டே வருடத்தில் முடிக்க வாரம் 23 மணி வேண்டும். சமையல், வேலை, பிள்ளைகள் எல்லாம் இருக்கும் வீட்டில் இது கடினம்தான். ஆனால் அந்தப் பல்கலைக்கழகம் எம்.ஏ. முடிக்க நான்கு வருடம் வரை அனுமதிக்கிறது. அப்போது வாரம் பதினொன்றரை மணி. நாளுக்கு ஒன்றரை மணிக்குச் சற்று மேல். இரண்டு வருடத்தில் முடிக்காதது தோல்வி என்று நினைத்து நடுவில் விட்டுவிடுகிறவர்கள், நான்கு வருடத் திட்டத்தோடு தொடங்கியிருந்தால் முடித்திருப்பார்கள்.

நம்மவர்களுக்கு மட்டும் உள்ள ஒரு சிக்கலும் இருக்கிறது. பருவத் தேர்வுகள் ஜூனிலும் டிசம்பரிலும் வரும். ஜூனில் நாம் ஊரில் இருப்போம்! டிக்கெட் இரண்டு மாதத்துக்கு முன்பே எடுத்தாயிற்று, தங்கை வீட்டுக் கல்யாணம் வேறு என்று ஒரு பருவம் போய்விடும். தேர்வு விண்ணப்பத்தில் தேர்வு மையத்தை நாமே தேர்ந்து குறிக்கலாம். தில்லி வீட்டு முகவரி இருந்தாலும் சென்னையையோ மதுரையையோ குறித்துவிட்டு, அங்கேயே எழுதிவிட்டுக் கல்யாணத்துக்கும் போகலாம். மாமியார் வீட்டில் இருந்துகொண்டு தேர்வுக்குப் படிப்பது எப்படி என்பதற்கு என்னிடம் விடை இல்லை.

படிவத்தில் வரும் 'சர்நேம்'

விண்ணப்பம் போடும் கட்டத்தில்தான் பலர் பின்வாங்குகிறார்கள். நம் பெயர் முறையே அங்கே முதல் முட்டுக்கட்டை. பத்தாம் வகுப்புச் சான்றிதழில் தந்தையின் தலைப்பெழுத்தோடு ஒரு பெயர். திருமணத்துக்குப் பிறகு தலைப்பெழுத்து மாறிய பெயர். வடக்கே வந்த பிறகு ஆதாரில் கணவர் பெயரைப் பின்னால் ஒட்டிய இன்னொரு பெயர். படிவமோ 'சர்நேம்' என்ன என்று கேட்கிறது. இப்போது சேர்க்கைக்குக் கேட்கப்படும் அடையாள எண்கள் ஆதாரோடு இணைந்தவை என்பதால், பெயர் ஒத்துப்போகாவிட்டால் கணினி ஏற்காது. இரண்டு முறை விண்ணப்பம் திரும்பினால், "பார்த்தீங்களா, நமக்கு இது சரிப்படாதுன்னு அப்பவே சொன்னேன்" என்று வந்துவிடுகிறது.

இது மிக முக்கியமான இடம். அலுவலகச் சிக்கலை நம் திறமைக்கு வந்த தீர்ப்பாக எடுத்துக்கொள்கிறோம். ரேஷன் அட்டையில் பெயர் தப்பாக வந்தால் நம் அறிவைச் சந்தேகிப்பதில்லை; சண்டை போட்டுத் திருத்துகிறோம். இதற்கும் அதே சண்டைதான். பள்ளிச் சான்றிதழில் உள்ள பெயரை அடிப்படையாக வைத்து, ஆதாரை அதற்கு ஏற்பத் திருத்துவது பலருக்கு எளிய வழி. மதிப்பெண் பட்டியல் தொலைந்திருந்தால், படித்த பல்கலைக்கழகத்தில் மறுபிரதி கேட்கலாம். இவற்றுக்கு வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் ஆகும். ஆகவே சேர்க்கை ஜூலையில் என்றால் இந்த வேலையை ஜனவரியிலேயே தொடங்கவேண்டும்.

வகுப்பறைக்குப் போய் உட்கார்ந்து படிக்க விரும்பும் பெண்களுக்குத் தில்லியில் ஒரு வசதி உண்டு. தில்லிப் பல்கலைக்கழகத்தின் கல்லூரி சாரா மகளிர் கல்வி வாரியம் 1944 முதல் இயங்குகிறது; தில்லியில் வசிக்கும் பெண்களுக்கு வார இறுதியில் வகுப்பு நடத்துகிறது. கர்நாடகத்தில் மைசூரிலும், மகாராஷ்டிரத்தில் நாசிக்கிலும், வங்கத்தில் கொல்கத்தாவிலும் மாநிலத் திறந்தநிலைப் பல்கலைக்கழகங்கள் இருக்கின்றன. அனுமதி பெற்ற தொலைநிலைப் பட்டம் நேரடிப் பட்டத்துக்குச் சமம் என்று மானியக் குழு 2022இல் தெளிவாக அறிவித்தது. ஆனால் பதவி உயர்வுக்காகப் படிக்கிறவர்கள், அந்தப் பட்டத்தைத் தம் அலுவலகம் கணக்கில் எடுக்குமா என்று முதலிலேயே எழுத்தில் கேட்டுக்கொள்வது நல்லது. இந்த ஐயம் நியாயமானது, கேட்டுத் தீர்த்துக்கொள்ளவேண்டியது.

சேர்ந்த பிறகும் வரும்

சேர்ந்துவிட்டால் ஐயம் தீர்ந்துவிடும் என்று எண்ணவேண்டாம். அமெரிக்காவில் பாலின் கிளான்ஸ், சுசான் ஐம்ஸ் என்ற இரு உளவியலாளர்கள் 1978இல் ஒரு கட்டுரை எழுதினார்கள். படிப்பிலும் தொழிலிலும் சிறந்து விளங்கிய 150க்கும் மேற்பட்ட பெண்களோடு பழகிக் கண்டது அது. அவர்களில் முனைவர் பட்டம் பெற்றவர்களும் இருந்தார்கள். அப்படிப்பட்டவர்களே, தாம் ஏதோ ஆள்மாறாட்டம் செய்து உள்ளே நுழைந்துவிட்டதாகவும், என்றாவது ஒருநாள் பிடிபடுவோம் என்றும் நம்பினார்கள். நல்ல மதிப்பெண் வந்தால் அதிர்ஷ்டம், தேர்வாளர் கவனக்குறைவு. குறைந்த மதிப்பெண் வந்தால் மட்டும் அது தன் உண்மையான அளவு! இந்த உணர்வு பிறகு ஆண்களிடமும் பரவலாகக் காணப்பட்டது.

மகள் வயதுப் பெண்கள் நடுவில் வகுப்பில் உட்காரும்போது இது கண்டிப்பாக வரும். "ஆன்ட்டி, நீங்க எதுக்குப் படிக்கிறீங்க?" என்று ஒரு குழந்தை கள்ளமில்லாமல் கேட்கும். திருத்தி வந்த முதல் கட்டுரையில் 52 மதிப்பெண்ணும் சிவப்பு மையும் இருக்கும். அந்தக் கட்டுரையைக் கிழித்துப் போடாதீர்கள். முதல் நாள் எழுதிப் பார்த்த கால் பக்கத் தாளிலிருந்து தொடங்கி, திரும்பி வந்த ஒவ்வொன்றையும் தேதிவாரியாக ஒரு கோப்பில் போட்டு வையுங்கள். அதிர்ஷ்டம் எட்டு முறை தொடர்ந்து வராது. ஆசிரியர் எட்டுப் பேரும் ஒருசேரக் கவனக்குறைவாக இருக்கமாட்டார்கள். ஊரில் டீச்சர் சொன்ன சாட்சியின் இடத்தில் இந்தக் கோப்பு நிற்கும்.

எம்.ஏ.வில் 55 விழுக்காடு வாங்கியவர்களுக்கு அடுத்த கதவும் திறந்திருக்கிறது. 2022ஆம் ஆண்டு விதிமுறைப்படி பி.எச்டி. ஆய்வைப் பகுதி நேரமாகச் செய்யலாம். வேலையில் இருப்பவர் அலுவலகத்தின் தடையின்மைச் சான்று பெறவேண்டும். பொதுவாக ஆறு வருடத்துக்குள் முடிக்கவேண்டும் என்றாலும், பெண்களுக்கு மேலும் இரண்டு வருடம் தரப்படுகிறது. தொலைநிலையில் பி.எச்டி. தருகிறோம் என்று வரும் விளம்பரங்களை அந்த விதிமுறை ஏற்பதில்லை. அவற்றின் பக்கம் போகவேண்டாம்.